பட்டினி கிடக்கும் பாம்பும் இருளர் பானையும்

தியாகதுருகம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு மலைக்கோட்டைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படை என்று 18ஆம் நூற்றாண்டில் மூன்று தரப்பும் கண் வைத்த கோட்டை அது. கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் வேறொரு வரலாறு இருக்கிறது. விளைச்சல் உள்ள இடத்தில் எலி இருக்கும். எலி உள்ள இடத்தில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும். கரும்பு வெட்டப் போனவரையோ வரப்பில் நடந்தவரையோ கடித்துவிட்டால், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தின் தொடக்கத்தைத் தேடி வடகிழக்கே கடற்கரைக்குப் போக வேண்டும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளுக்குள் இருக்கும் பாம்புகளிலிருந்து அது தொடங்குகிறது. பிடித்து வந்த பாம்பைச் சில வாரத்தில் திருப்பி விட்டுவிடுவது அங்குள்ள வழக்கம். சிக்கனத்துக்காகவோ இரக்கத்துக்காகவோ ஏற்பட்ட பழக்கமாக இது பலருக்குத் தோன்றலாம். பிடிபட்ட பாம்பு இரை எடுக்காது என்ற பழைய சிக்கலுக்கு மனிதர்கள் கண்ட விடைகளில் இதுவே அறிவார்ந்தது என்பது என் கருத்து.

பாம்பு ஏன் சாப்பிட மறுக்கிறது? அதைப் பிடிவாதம் என்று எண்ணுவது நம் மனித மனம் செய்யும் தவறு. பாம்பின் உடல் சூடு வெளியிலிருந்து வருவது. விழுங்கிய எலி வயிற்றில் செரிக்க உடம்பு போதுமான வெப்பத்தில் பல நாள் இருந்தாக வேண்டும். குளிர்ந்தால் எலி உள்ளேயே அழுகிவிடும். வயிறு நிறைந்த பாம்பால் வேகமாக ஓடவும் முடியாது. அதனால்தான் மிரண்ட பாம்பு விழுங்கியதைக்கூடக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். ஒளிய வளை இல்லாமல், ஆள் நடமாட்டத்தின் அதிர்வு ஓயாமல், பகலென்றும் இரவென்றும் பாராது வெளிச்சம் விழும் பெட்டிக்குள் கிடக்கும் பாம்புக்கு, சாப்பிடாமல் இருப்பதுதான் உயிர் காக்கும் வழியாகப் படும். அது தவிர, ஒவ்வொரு பாம்புக்கும் ஒவ்வோர் இரை. கண்ணாடி விரியனுக்கு எலி போதும். நல்ல பாம்பு எலி, தவளை, மற்ற பாம்புகள் என்று பலதையும் தின்னும். சின்ன உடம்புள்ள சுருட்டை விரியனோ தேளையும் பூரானையும் பல்லியையும்கூட விடாது. கட்டு விரியன் பெரும்பாலும் மற்ற பாம்புகளைத் தின்று வாழ்வது. வெள்ளெலியைக் கண் முன்னால் வைத்தாலும் அதற்கு அது இரையாகவே தெரியாது. வாசனைதான் அதற்குச் சாப்பாட்டின் அடையாளம். இதைப் புரிந்துகொண்ட வளர்ப்பாளர்கள் செத்த எலியின் மேல் பாம்புச் சட்டையைத் தேய்த்து, இருட்டிய பிறகு, ஒளிவிடத்தின் வாயருகே வைத்துவிட்டு விலகிப் போகிறார்கள். பல நாள் பொறுத்தால் சில பாம்புகள் எடுக்கும். சில கடைசிவரை எடுப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டில் வெகுகாலம் புழங்கிய விடை பால். புற்றுக்குப் பால் வார்ப்பது தெய்வத்துக்குச் செய்யும் படையல். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆனால் நாக சதுர்த்தியன்று பாம்பாட்டியின் கூடையிலிருந்து தலை நீட்டும் நல்ல பாம்பு கிண்ணத்துப் பாலில் வாய் வைப்பதை உணவு என்று நம்பியது பெரும் பிழை. பால் பாம்பின் உணவே இல்லை. அதைச் செரிக்கும் வயிறும் அதற்குக் கிடையாது. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைக்கப்பட்ட பாம்பு, எதிரில் ஈரமாக எது இருந்தாலும் குடிக்கும். பல் பிடுங்கப்பட்டதால் வாயும் புண்ணாகியிருக்கும். இப்படிப்பட்ட பாம்பு மெல்ல மெல்லத்தான் சாகும். அது சாவதற்குள் பாம்பாட்டி அடுத்ததைப் பிடித்திருப்பார். பாலை வார்த்து வளர்த்தாலும் பாம்பு விஷத்தைத்தான் கக்கும் என்ற பழமொழி பாம்பின் நன்றிகெட்ட குணத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம். வார்த்தது பால் என்பதில்தான் கோளாறு இருந்தது.

ஆய்வுக்கூடங்கள் கண்ட விடை புனல். 1891இல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையை நடத்த வந்த பிரெஞ்சு மருத்துவர் அல்பெர் கால்மெத், வெள்ளத்தின்போது ஓர் ஊருக்குள் புகுந்த நல்ல பாம்புகள் பலரைக் கடித்த நிகழ்ச்சிக்குப் பிறகு விஷ ஆராய்ச்சியில் இறங்கினார். சில ஆண்டுகளில் விஷமுறிவுச் சீரத்தையும் உருவாக்கினார். பிறகு பிரான்சின் லீல் நகரில் பாம்புகளைக் கூண்டில் வைத்து விஷம் எடுத்தபோது, அவை தாமாக இரை எடுப்பதில்லை என்ற சுவரில் அவரும் முட்டிக்கொண்டார். பாம்பின் கழுத்தைப் பிடித்து, தொண்டைக்குள் புனல் குழாயை இறக்கி, அடித்த கோழிமுட்டையை ஊற்றும் முறையை 1907இல் வெளியான தம் நூலில் படங்களோடு விளக்கியிருக்கிறார். அன்றைய நிலையில் அது பெரிய முன்னேற்றம்தான். உயிரைக் கொஞ்ச காலம் நீட்டிக்கொடுத்தது. ஆனால் புனல் ஊட்டும் ஒவ்வொரு முறையும் பாம்பின் அச்சம் கூடுகிறது, வாய்க்குள் காயம் படுகிறது, காயம் சீழ்பிடிக்கிறது. மிரட்சியால் சாப்பிட மறுத்த உயிரை இன்னும் மிரட்டி ஊட்டுவது நோயைக் கொண்டே நோய்க்கு வைத்தியம் பார்ப்பது. கூண்டில் செத்த ஒவ்வொரு பாம்புக்கும் ஈடாகக் காட்டிலிருந்து இன்னொன்று வந்தாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது விடை இருளருடையது. பழைய தென்னார்க்காடு, செங்கல்பட்டு, வடார்க்காடு மாவட்டங்களில் பரவி வாழ்ந்த மக்கள் இவர்கள். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டின் ஒரு தாலுக்கா. எலி வளையைத் தோண்டி, எலியையும் அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்து வாழ்ந்தவர்களுக்கு, அந்த வளையில் எலி இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்பது வாசலிலேயே தெரியும். பாம்பு வயிற்றைத் தேய்த்துப் போன தடம், வளை வாயின் வழவழப்பு, கிடக்கும் எச்சம், உரித்துப் போட்ட சட்டை, எல்லாமே அவர்களுக்கு எழுத்து. எந்தப் பாம்பு எதைத் தின்கிறது என்ற அறிவு அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. இந்த அறிவைத் தோல் வியாபாரம் பல ஆண்டுகள் விலைக்கு வாங்கியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. பிழைப்பு போன இருளரோடு சேர்ந்து பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று உருவாக்கியதுதான் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். கொன்று தோல் விற்ற கைகள் பாம்பை உயிரோடு வைத்து விஷம் எடுக்கத் தொடங்கின.

வடநெம்மேலியில் உள்ள அந்தச் சங்கத்தில் கூண்டு இல்லை. அடியில் மணல் போட்ட மண்பானை, வாயில் பருத்தித் துணி, பிடித்த நாளும் எடையும் எழுதிய சீட்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு வகையை மட்டும் வாங்குகிறார்கள். மூன்று நான்கு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டை அடையாளமாக விட்டு, காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு உடனே மறுபடி பிடிபட்டு வந்தால் சங்கம் ஏற்பதில்லை. பானை இருட்டாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, உடம்பைச் சுருட்டிக்கொண்டால் நாலாபுறமும் சுவர் தொடுகிறது. பாம்புக்கு இது ஏறக்குறைய வளைதான். நல்ல உடம்போடு வந்த வளர்ந்த பாம்புக்கு நான்கு வாரம் இரையில்லாமல் இருப்பது பெரிய காரியமில்லை. காட்டிலும் அப்படி இடைவெளி விழும். வாராவாரம் கையில் பிடித்து விஷம் எடுக்கப்படும் பாம்புக்கு இரை கொடுத்தாலும் அது வயிற்றில் தங்குவது சந்தேகம். ஊட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வருவதற்கு முன்னால் பாம்பு தன் வளைக்குத் திரும்பிவிடுகிறது. எப்படிச் சாப்பிட வைப்பது என்று மற்றவர்கள் தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது, எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று இவர்கள் கேட்டார்கள்.

இதில் அறிவு எங்கே இருக்கிறது, கூண்டு கட்டக் காசில்லாத ஏழைகள் பானையில் வைத்தார்கள், அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். வறுமைக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காசும் கட்டடமும் இருந்த லீல் நகரம் புனலுக்குப் போனது என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு மறுப்பு கனமானது. உலக சுகாதார நிறுவனம் 2010லும் பிறகு திருத்திய பதிப்பிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விஷம் தரும் பாம்புகளைத் தனியாக அமைத்த பண்ணையில் நீண்டகாலம் வளர்த்து, நோய் பார்த்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் பதிவு செய்யச் சொல்கின்றன. இந்த விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைத்தான் மனித உடம்பில் ஏற்றுகிறோம். மூலம் எந்தப் பாம்பு, எந்த ஊர், அது நோயற்றதா என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பானை முறையால் இதை முழுதாக நிறைவேற்ற முடியாது. விடுவிக்கும் இடம் தவறினால், தன் எல்லை தெரியாத மண்ணில் அந்தப் பாம்பு திண்டாடும் என்பதும் உண்மை. ஆகவே பண்ணை வரட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பண்ணை வந்த அன்றே பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கும்: காட்டிலிருந்து வந்த பாம்பு சாப்பிடுமா? குளிர்சாதனமும் கண்ணாடிப் பெட்டியும் அதற்கு விடை சொல்லா. இந்தக் கட்டு விரியன் பாம்பு தின்று வளர்ந்ததா, தவளை தின்று வளர்ந்ததா என்று பிடித்த இடத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட 2017இல் அழைக்கப்பட்ட இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் தாங்கள் அதுவரை பார்த்திராத சதுப்பு நிலத்தில் எச்சத்தையும் தடத்தையும் வைத்தே பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டம் கொடுத்த அரசு அந்த அறிவுக்குப் பதவியும் கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 58,000 பேர். இந்தச் சாவுகளை 2030க்குள் பாதியாக்குவதாக 2024இல் மத்திய அரசு செயல்திட்டம் அறிவித்தது. ஒரே வகைப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது உறுதியாகிவிட்டதால், பல வட்டாரங்களின் விஷமும் மருந்தில் சேர வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. வடநெம்மேலிச் சங்கத்துக்கோ சென்னையைச் சுற்றிய வட மாவட்டங்களில் பிடிக்கத்தான் அனுமதி. கல்வராயன் மலைச் சரிவிலும் தியாகதுருகத்துக் கரும்புத் தோட்டத்திலும் கடிக்கும் விரியனின் விஷம் அந்தப் பானைக்குப் போவதில்லை. அந்த விரியனின் வளையை அறிந்த இருளர் குடும்பங்களோ இதே விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கூலி வேலை செய்கின்றன. வட்டாரப் பாம்புப் பண்ணை அமைக்கும் எண்ணம் அரசுக்கு இருந்தால், பழைய தென்னார்க்காட்டுக்கும் ஒன்று வேண்டும். அதில் பாம்புக்கு இரை வைக்கும் வேலையை மாதச் சம்பளத்தோடு, நிரந்தரப் பணியாக, இருளருக்கே தர வேண்டும்.