சோமாசி வழக்கு

தீபாவளிக்கு முதல் நாள் நெமிலிச்சேரியில் எங்கள் அடுக்களையில் ஒரு வழக்கு. "சோமாசி எங்க பலகாரம்" என்றாள் என் மனைவி. "கஜ்ஜிகாயலு எங்களோடது அம்மா!" என்றார் அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் அடியேன்.

சரித்திரத்தைப் புரட்டினேன். மராட்டியருக்கு அது கரஞ்சி. வடக்கே ஹோலிக்குக் குஜியா. கோவாவில் கிறிஸ்துமஸுக்கு நேவ்ரி. இத்தாலியின் சிசிலித் தீவிலோ, பொரித்த மாவுக் குழலில் இனித்த பால்கட்டியை அடைத்துக் கன்னோலி என்கிறார்கள். 827-இல் அத்தீவின்மீது படையெடுத்த அராபியரால்தான் கரும்பு அங்கே வேரூன்றியது. நம் சர்க்கரையும் இத்தாலியரின் 'சுக்கெரோ'வும் 'சர்க்கரா' என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள்.

தீர்ப்போடு திரும்பினேன். ஒருவர் பூரணம் வைக்க, மற்றவர் சோமாசிக் கரண்டியால் ஓரம் வெட்டிக் கொண்டிருந்தார். வழக்கை இருவருமே மறந்திருந்தார்கள். நீதிபதிக்கு இரண்டு சோமாசி கிடைத்தது. வாயைத் திறந்தது அதற்கு மட்டுந்தான்.