தனுஷ்கோடி ரயில் நிலையம்

தனுஷ்கோடி ரயில் நிலையம், ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருந்த மீட்டர்கேஜ் நிலையம். 1914 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய இந்திய–இலங்கை ரயில்–கப்பல் வழித்தடத்தின் இந்திய முனை இதுதான். முதலில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கீழும், 1951க்குப் பிறகு தெற்கு ரயில்வேயின் கீழும் இயங்கியது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரோடு சேர்ந்து அழிந்தது. அதன் பிறகு இங்கே ரயில் வந்ததில்லை.

புயல்தான் இந்த நிலையத்தைக் கொன்றது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அது பாதி உண்மை. கட்டடங்களை அடித்துப் போனது புயல். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, நிலையம் எந்தப் போக்குவரத்தை நம்பிப் பிறந்ததோ அது வற்றத் தொடங்கிவிட்டது.

தோற்றம்

பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு தனுஷ்கோடி. அமைதியான வடபுறத்தைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் தென்புறத்தை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். விவசாயம் கிடையாது. மீன்பிடிப்பும் சேதுவில் நீராட வரும் யாத்திரிகர்களும்தான் பழைய பிழைப்பு. காசிக்குப் போகிறவர் சேதுவின் மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கொண்டுவந்த நீரால் ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது நெடுநாள் வழக்கம்.

இப்படிப்பட்ட இடத்தில் ரயில் நிலையம் வந்தது இலங்கைக்காக. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இலேயே ரயில் ஓடியது; கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி ஓர் இரவைக் கடலில் கழித்தார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கோ ஏறத்தாழ 35 கி.மீ.தான். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் பாதை வந்துவிட்டது. மிச்சமிருந்த தடை, மண்டபத்தையும் தீவையும் பிரிக்கும் பாம்பன் கால்வாய். அதன் குறுக்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தைக் கட்டி, கப்பல் போக நடுவில் ஷெர்சர் வகைத் தூக்குப் பாலத்தை வைத்தார்கள். இலங்கைப் பக்கமும் தலைமன்னார் வரை பாதை போடப்பட்டது. தலைமன்னாருக்குக் கடல்மேலேயே ரயில் விடலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் இருந்தது. அது யோசனையாகவே நின்றது. கடலுக்குக் கப்பல் போதும் என்று முடிவானது.

பாதை அமைந்த விதத்திலேயே நோக்கம் தெரியும். பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. நேராகப் போன பெரிய வண்டிகளின் பாதை தனுஷ்கோடிக்கு. கோயில் இருந்த ராமேசுவரத்துக்குக் கிளைப் பாதை. கம்பெனிக்குக் கப்பல் முதலில், கோயில் பிறகு.

போட் மெயில்

எழும்பூரில் கிளம்பிச் செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி வழியாக ராமநாதபுரம் சீமைக்குள் நுழையும் வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர். கொழும்புவரை ஒரே டிக்கெட் வாங்கலாம். வண்டியில் ஏறுகிறவர் இடையில் ஒரே ஒரு கப்பல் பயணத்தோடு கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். தனுஷ்கோடியில் தண்டவாளம் கப்பல் துறைவரை போனது. பயணி வண்டியிலிருந்து இறங்கிச் சுங்கச் சோதனை முடித்துக் கப்பலேறுவார். முதலில் ஓடியவை கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்கள். மூன்றுமே வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னாளில் இர்வினும் கோஷனும் வந்தன. அக்கரையில் தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் காத்திருக்கும்.

முதல் வகுப்பில் போனவர்கள் துரைமார்களும் வணிகர்களும். எண்ணிக்கையில் பெருங்கூட்டம் மூன்றாம் வகுப்பு: கங்காணியோடு தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் நேரே கப்பலேற முடியாது. மண்டபத்தில் இருந்த தொற்றுத்தடை முகாமில் தங்க வைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே அனுப்பப்பட்டார்கள். முகாம் போனாலும் பெயர் போகவில்லை. ‘மண்டபம் கேம்ப்’ இன்றும் ரயில் நிலையத்தின் பெயராகவே இருக்கிறது.

நிலையத்தைச் சுற்றி ஊர் முளைத்தது. சுங்க அலுவலகம், தபால்–தந்தி அலுவலகம், துறைமுக அலுவலகம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோயில், சத்திரங்கள், கடைகள். பல கட்டடங்கள் கடலில் வெட்டியெடுத்த பவளக் கல்லால் ஆனவை. சிறிய ஊர்தான், ஆனால் காலண்டரைப் பார்க்காமல் ரயில் அட்டவணையைப் பார்த்து வாழ்ந்த ஊர்.

தீவு முழுவதும் இந்த வண்டியின் கணக்கில் இயங்கியதற்கு ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தம் சுயசரிதையில் ஒரு சாட்சி வைத்திருக்கிறார். அவருடைய தந்தை, ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராமேசுவரத்தில் வண்டி நிற்பது ரத்தாகிவிட, ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ராமேசுவரம் ரோடு என்ற இடத்தில், ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே வீசுவார்கள். பத்திரிகை ஏஜென்டாக இருந்த உறவினருக்கு அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சிறுவன் கலாமுக்குக் கிடைத்த முதல் சம்பளம் அதிலிருந்து வந்தது.

சரிவு

தொழிலாளர் போக்குவரத்துக்கு முதல் அடி 1939 ஆகஸ்டில் விழுந்தது. இந்தியர்களின் நலனுக்கு எதிராக இலங்கை எடுத்த நடவடிக்கைகளுக்குப் பதிலாக, பயிற்சியில்லாத தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. ஒரு வகையில் நிலையத்தின் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

1947 டிசம்பரில் ஏர் சிலோன், கொழும்பு–யாழ்ப்பாணம்–சென்னை விமானத்தைத் தொடங்கியது. காசுள்ளவர்களுக்குக் கப்பல் தேவையில்லாமல் போனது. அடுத்த ஆண்டு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களான மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடிவரவுச் சட்டமும் அதே 1948இல் வந்தது. அதுவரை ஊருக்குப் போய்வருவதுபோல் இருந்த பயணத்துக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. வண்டியும் கப்பலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இரு கரையையும் ஒரே தொழிற்சந்தையாக நினைத்துப் போட்ட பாதை, இப்போது இரு நாடுகளின் எல்லையில் நின்றது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. எந்த மக்களை அனுப்பிவைக்கத் தனுஷ்கோடி கட்டப்பட்டதோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வரவேண்டிய வாசலும் அதுவாகவே இருந்திருக்கும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வாசல் போய்விட்டது.

1964 டிசம்பர் 22

தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17 அளவில் உருவான காற்றழுத்தத் தாழ்வு புயலாகி, 22ஆம் தேதி வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. அன்றிரவு தனுஷ்கோடி மேல் எழுந்த கடல் அலை ஏழு மீட்டர் உயரம் என்று மதிப்பிடப்பட்டது.

அழிந்த வண்டியைப் போட் மெயில் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. பாம்பனிலிருந்து இரவு 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர்தான் அது. ஆறு பெட்டிகள், கணக்கில் வந்தவர்கள் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்பாரும் உண்டு. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை என்றும், சிறிது நேரம் நின்ற டிரைவர் பிறகு விசில் அடித்து வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சற்று முன்னால் அலை வண்டியை மூடியது. யாரும் பிழைக்கவில்லை. புயலில் இறந்தோர் மொத்தம் 1,800க்கு மேல் என்பது வழக்கமாகத் தரப்படும் எண்.

பாம்பன் பாலத்தில் 145 கண்களில் 126இன் தூலங்கள் கடலுக்குள் போயின. ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு, அப்போது முப்பத்திரண்டு வயதான பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. ஆறு மாதம் என்று கணித்த வேலையை மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். கடலடியில் கிடந்த தூலங்களை மீனவர்கள் அடையாளம் காட்ட, அவற்றையே தூக்கிப் பொருத்தி 46 நாளில் வண்டி ஓடவிட்டார்.

இந்த இடத்தில்தான் நிலையத்தின் முடிவு உறுதியானது. பாலத்தை 46 நாளில் எழுப்பிய ரயில்வே, பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான பாதையைத் தொடவே இல்லை. அரசு ஊரை வசிக்கத் தகுதியற்றது என்று அறிவித்தது. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. பாதையை மீட்க முடியாமல் விட்டார்கள் என்பதைவிட, மீட்க வேண்டிய தேவை இல்லாமல் விட்டார்கள் என்பதே பொருத்தம்.

பிறகு

ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். ராமேசுவரம்–தலைமன்னார் இடையே ராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. இலங்கைப் போரால் 1984இல் அதுவும் நின்றது. ஒரு காலத்தில் கிளைப் பாதையாக இருந்த ராமேசுவரம் பிரதான முனையமாகி, 2007இல் அகலப்பாதையும் பெற்றது. எழும்பூரிலிருந்து வரும் விரைவு வண்டியைப் பழையவர்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். படகும் இல்லை, அக்கரைத் தபாலும் இல்லை.

நிலையத்தில் இன்று மிஞ்சியவை சில சுவர்களும் வளைவுகளும் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகமும். காற்று மணலை இடம் மாற்றும்போது துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள் எப்போதாவது தலைகாட்டும். ஊர் முழுக்க வெறிச்சோடிவிடவில்லை. கம்பிப்பாடு முதலிய இடங்களில் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசையில் வாழ்கின்றன. கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு. 1983க்குப் பிறகு இலங்கை அகதிகள் படகில் வந்து இறங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. 2022 பொருளாதார நெருக்கடியின்போதும் வந்தார்கள்.

2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2019 மார்ச்சில் ராமேசுவரம்–தனுஷ்கோடி இடையே 17.2 கி.மீ. ரயில் பாதைக்கு, ரூ. 208 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டினார்கள். மாநில அரசின் எதிர்ப்பால் வேலை நகரவில்லை. சுற்றுலாவுக்காக மட்டும், வேகமாக அரிக்கப்படும் மணல்திட்டில் தண்டவாளம் போடுவது வீண் செலவு என்பதே பொருத்தமான முடிவு. அக்கரையில் போரால் 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015 மார்ச் 14 அன்று மறுபடி துறைவரை ஓடத் தொடங்கியது. இக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. வண்டி ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது.

நிலையத்தைப் பற்றி அச்சில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த ஓர் இரவைப் பற்றியவை. ஐம்பது ஆண்டு நடமாட்டம் — சுங்க வரிசை, மூன்றாம் வகுப்புக் கூட்டம், குடியிருப்பு வாழ்க்கை — எழுதப்பட்டது குறைவு. புயலின்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ராமேசுவரத்திலும் பாம்பனிலும் மலையகத்திலிருந்து திரும்பியோர் குடியிருப்புகளிலும் இருக்கும் அவர்களை ஆய்வு மாணவர்கள் இப்போதே தேடிப் போய்ப் பதிவு செய்யவேண்டும்.