வட சென்னைத் தேவாலயச் சின்னங்களில் தாவரங்களும் பறவைகளும்

தண்டையார்பேட்டை, இராயபுரம், எண்ணூர் வட்டாரத் தேவாலயச் சின்னங்கள் சிலவற்றுக்குப் பொருள் விவிலியத்திலிருந்து வந்தது. உருவம் இந்த மண்ணின் மரம், பூ, பறவைகளிலிருந்து வந்தது.

அவற்றுள் அடிக்கடி கண்ணில் படுவது சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் இலச்சினை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான சபை இது. இப்பகுதியின் ரெய்னி மருத்துவமனையும் இச்சபையைச் சேர்ந்ததே. இலச்சினையின் நடுவில் நான்கு கைகளும் ஒரே நீளமான ஊதாச் சிலுவை, இடையிடையே இதழ்கள். இதழ்களைத் தாமரையாகக் கொண்டால், சேற்றில் பிறந்தும் சூரியனை நோக்கி மலரும் பூ, கிறிஸ்துவை நோக்கும் விசுவாசி ஆகிறது. தீநாக்குகளாகக் கொண்டால் பெந்தெகொஸ்தே நாள். தலைகீழாக இறங்கும் புறாவாகக் கண்டால் தூய ஆவி. மூன்று விளக்கமும் சபையே தருவதுதான்.

தாமரை பிற சமயத்தாரின் பூவாயிற்றே என்று தயங்குவோர் பரங்கிமலைக்குப் போய்வரலாம். 1547இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை அங்கே இருக்கிறது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து, உச்சியில் இறங்கும் புறா, அடியில் இருபுறமும் விரியும் இலைக்கொத்து. அதைத் தாமரை என்றே பலர் கொள்கின்றனர்.

மயிலுக்கும் இந்நகரில் பங்குண்டு. மயில்களுக்கிடையே செபித்துக்கொண்டிருந்த இயேசுவின் சீடர் தோமாவின்மீது, மயிலுக்கு எய்த அம்பு தவறிப் பாய்ந்தது என்ற கதையை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். மத்தியதரைக்கடல் கிறிஸ்தவரிடையே மயில் சாவாமையின் அடையாளம். அதன் இறைச்சி அழுகாது என்று நம்பினர். அகுஸ்தீனார் சோதித்தும் பார்த்தாராம்.

குருத்தோலை ஞாயிறு யாரும் திட்டமிடாமல் உள்ளூர்மயமானது. எருசலேம் மக்கள் பிடித்தது பேரீச்சை ஓலை. ரஷ்யாவில் வில்லோ கிளை. இங்கே பெரும்பாலும் தென்னங்குருத்து. வெளிர்மஞ்சள் ஓலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்து, மடித்துச் செருகினால் சிலுவை தயார். கத்தோலிக்க வீடுகளில் மந்திரித்த ஓலையைச் சுவரிலுள்ள படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அடுத்த ஆண்டு அதைச் சுட்டெடுத்த சாம்பலே சாம்பல் புதனன்று நெற்றிக்கு வருகிறது.

கூழைக்கடாவின் கதை நேர்மாறு. நெஞ்சைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன், நற்கருணையின் பழைய ஐரோப்பியச் சின்னம். அதைச் செதுக்கிய இடைக்காலச் சிற்பிகள் பலர் பறவையைக் கண்டதில்லை போலும். தொண்டைப்பை இல்லாமல், கழுகு மாதிரியே செதுக்கினார்கள். எண்ணூர்க்காரருக்கோ அது கழிமுகத்தில் தினமும் மீன் பிடிக்கும் சாம்பல் நிறப் பறவை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அவற்றின் இறகெல்லாம் கறுத்தது. இரத்தம் ஊட்டும் கதைக்குக் காரணம், பையிலுள்ள மீனை வெளியே தள்ள அது அலகை நெஞ்சில் அழுத்துவதாக இருக்கலாம். பழவேற்காட்டுக்கு வடக்கே, ஆந்திரத்தின் நேலப்பட்டு சரணாலயத்தில் கூடு கட்டும் பருவத்தில் கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதை நேரிலேயே பார்க்கலாம்.