சிஸ்டம் எந்திரிக்கல

எண்ணூர் விரைவுச்சாலையில் போய் வருகிறவர்களுக்கு ட்ரெயிலர் லாரி வரிசை புதிது இல்லை. வெயில், புழுதி, கடல் காற்று, நடுவில் நகராத கண்டெய்னர்கள். ஒருமுறை திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில் அப்படி நின்ற வரிசையில், ஒரு டிரைவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "உள்ள சிஸ்டம் எந்திரிக்கலையாம் தம்பி" என்றார். சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் நிழல் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. கணினி உண்மையில் எழத்தான் செய்கிறது, அதுவும் படிப்படியாக. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன நிரல் முதலில் கண்விழிக்கும். நினைவகம் இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பிறகு டிஸ்கில் இருக்கும் இன்னொரு நிரலை எழுப்பும். அது விண்டோஸின் கருவை எழுப்பும். கரு டிரைவர்களை எழுப்பும். ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளை மட்டும்தான் தெரியும். நடுவில் ஒருவர் எழாவிட்டால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

1983இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஐபிஎம் தன் எக்ஸ்டி கணினியை ஹார்ட் டிஸ்க்கோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கான டாஸ் 2.0, டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை எழுப்பும் வேலைக்கென்று ஒதுக்கியது. மாஸ்டர் பூட் ரெகார்ட் என்று பெயர். அதன் கடைசி இரண்டு பைட்டுகள் ஒரு முத்திரை. முத்திரை சரியாக இல்லையென்றால் அந்த டிஸ்கிலிருந்து கணினி எழாது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டது. அன்றைக்கு இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்று எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, எந்த லாரி எந்த வாசலுக்கு என்பதைக் கணினிதான் சொல்கிறது. அது எழாவிட்டால் பெட்டி வெறும் இரும்பு.

முதலில் எழுகிறவனைப் பிடித்தால் வீடே நம் கையில் என்பது சீக்கிரமே சிலருக்குப் புரிந்துவிட்டது. 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், ஃபிளாப்பியின் பூட் செக்டரில் போய் உட்கார்ந்தது. அதில் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வேறு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வெகுளித்தனம்.

2017 ஜூன் 27 அப்படி இல்லை. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புறப்பட்ட நாட்பெட்யா, அந்த முதல் 512 பைட்டுகளின் மேலேயே தன்னை எழுதிக்கொண்டது. கணினி மறுபடி எழும்போது, டிஸ்கைச் சரிபார்ப்பதுபோல ஒரு போலித் திரையைக் காட்டிக்கொண்டே கோப்புகளின் அட்டவணையைப் பூட்டியது. 300 டாலர் பிட்காயினில் கேட்டது. கொடுத்தாலும் மீட்க வழி இல்லை. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அதன் துணை நிறுவனம் நடத்திய முனையம் ஒன்று மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்தது. அங்கும் கணினிகள் எழவில்லை.

பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மெர்ஸ்க் புதிதாக நிறுவியதாக அதன் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸில் சொன்னார். இதில் எனக்குப் பிடித்தது கானா கதை. யார் யார் உள்ளே வரலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோயிருந்தன. கானாவில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்த டிஸ்கை ஆள் கையில் கொடுத்தனுப்பி இங்கிலாந்து சேர்த்தார்கள். மின்வெட்டைத் திட்டியே வளர்ந்த நமக்கு இந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும்.

பிறகு பாதுகாப்பு கூடியது. எதிரி முதலில் எழுகிறான் என்றால் காவலாளியும் சீக்கிரம் எழவேண்டும் அல்லவா? பாதுகாப்பு மென்பொருள்கள் கருவுக்குள்ளேயே, தொடக்கத்திலேயே ஏற ஆரம்பித்தன. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39க்குக் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. அதில் பிழை. அதைப் படித்த டிரைவர் விழுந்தது, கூடவே விண்டோஸும் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திருத்திவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிக்குத் திருத்தம் போய்ச் சேரவேண்டுமென்றால் அது முதலில் எழவேண்டுமே! எழுந்தால் விழுகிறது, விழுந்தால் எழப்பார்க்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் கணினிகள். ஹைதராபாத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

இந்த முறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது திருடன் இல்லை, காவலாளி.

தீர்வு என்னவென்று பார்த்தால் சிரிப்பு வரும். கணினி முன்னால் ஓர் ஆள் உட்காரவேண்டும். சேஃப் மோடில் எழுப்பி, ஒரு ஃபோல்டருக்குள் போய், 291 என்ற எண் கொண்ட கோப்பை அழிக்கவேண்டும். டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவியைத் தட்டவேண்டும். மேகக்கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனை, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 முறைகூட ஆகலாம் என்பது. நம்ம ஊர் சர்வீஸ் கடையில் சொல்வதும் அதேதான்.

உலகத்தையே தூரத்திலிருந்து இயக்குகிறோம் என்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு பெருமை உண்டு. எழுந்த கணினிக்குத்தான் அது செல்லும். எழாத கணினிக்குப் பக்கத்தில் ஓர் உடம்பு வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அந்த ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்படி ஒரு நாளில் அவர்களைத் தேடி ஓடுகிறது. அவர்கள் வரும்வரை ஆகும் செலவில் ஒரு பங்கு, எந்தக் கணக்கிலும் ஏறாமல், லாரிக்கு அடியில் படுத்திருப்பவர் தலையில் விழுகிறது.

அன்று ஒரு பையன் பைக்கில் வந்தான். தோளில் பை, சட்டைப் பையில் பென்டிரைவ். வரிசையைக் கடந்து உள்ளே போனான். முக்கால் மணி நேரம் கழித்து முதல் லாரி நகர்ந்தது. டிரைவர் எழுந்து துண்டை உதறினார். "எந்திரிச்சிட்டுது போல" என்று சாவியைத் திருப்பினார்.