பாலஸ்தீனப் பூசலின் வேர் எது?

பாலஸ்தீன நாட்டில் யூதருக்கும் அராபியருக்கும் இடையே உள்ள பூசலைப் பற்றிப் பேச்செழுந்தால், "அது ஆபிரகாம் காலத்துப் பகை, ஒரு தந்தையின் இரு மக்கள் வழியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மோதி வருகின்றனர், அதைத் தீர்க்க மனிதரால் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவோர் நம்மிடையே பலர். தோட்டத்து வாசகசாலையிலும் பட்டணத்துக் காப்பிக் கடையிலும் இப்பேச்சைக் கேட்கலாம். இது சொல்வதற்கு எளிது. ஆனால் வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. அதுமட்டுமன்று, இக்கருத்து தீங்கு பயப்பதும் ஆகும். ஒரு பகையை வேதம் விதித்தது என்று ஒப்புக்கொண்டால், அதை உண்டாக்கிய மனிதரைக் கேள்வி கேட்கும் உரிமையை நாமே கைவிட்டவராவோம். சாதியைப் பிறவி விதி என்று கூறியோரிடம் காரணம் கேட்கக் கற்ற நாம், இதற்கும் காரணம் கேட்டல் வேண்டும்.

கி.பி. 70-இல் எருசலேம் ஆலயத்தை இடித்தவர் அராபியர் அல்லர், ரோமர். பின்னர் பல நாடுகளிலும் சிதறி வாழ்ந்த யூதரைக் கொடுமைக்கு ஆளாக்கியதில் முதலிடம் பெற்றது கிறிஸ்தவ ஐரோப்பாவே. 1290-இல் இங்கிலாந்து அவர்களைத் துரத்திற்று. 1492-இல் ஸ்பெயின் துரத்திற்று. ஸ்பெயினை விட்டு ஓடிவந்தோருக்குத் தன் நாட்டில் இடமளித்தவன் துருக்கி சுல்தான் இரண்டாம் பயஜீத். முஸ்லிம் அரசுகளில் யூதர் சமவுரிமை பெற்றிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. தனி வரி செலுத்தித் தாழ்ந்த குடிகளாகவே வாழ்ந்தனர். துன்புற்ற காலங்களும் உண்டு. ஆயினும் எருசலேம், ஹெப்ரான், சபேத், திபேரியா ஆகிய ஊர்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அராபியரோடு அண்டை அயலாராக வாழ்ந்தே வந்தனர். 1517 முதல் நானூறு ஆண்டுகள் அந்நாடு துருக்கியர் ஆட்சியில் இருந்தது. 1880-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவருள் யூதர் ஏறத்தாழ 25,000 பேர். இன்று நாம் காணும் பூசல் அக்காலத்தில் இல்லை. அஃது அதன் பின்னரே தோன்றியது. எனவே அதன் வேரை அந்த ஆண்டுகளில்தான் தேடுதல் வேண்டும்.

முதல் வேர், நிலத்தில் உள்ளது. 1858-இல் துருக்கி சர்க்கார் ஒரு நிலச் சட்டம் இயற்றி, உழும் நிலத்தையெல்லாம் பெயரிட்டுப் பதிவு செய்யுமாறு கட்டளையிட்டது. குடியானவன் அஞ்சினான். பெயரைக் கொடுத்தால் வரி வரும். பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவர். ஆகவே பல கிராமங்களில் நிலம் ஊர்ப் பெரியவர் பெயரிலோ, பட்டணத்துச் செல்வர் பெயரிலோ பதிவாயிற்று. சர்க்காரே பெருநிலங்களை வணிகருக்கு விற்றதும் உண்டு. பெய்ரூட் நகரத்துச் சுர்சுக் குடும்பத்தார் இவ்வாறே எஸ்ரேல் பள்ளத்தாக்கில் பல கிராமங்களுக்கு உரிமையாளராயினர். தாத்தன் காலந்தொட்டு உழுதவன் அதே மண்ணில் உழுதுகொண்டிருந்தான். பட்டாவோ வேறொருவர் பெட்டியில் இருந்தது.

இரண்டாம் வேர், ஐரோப்பாவில் உள்ளது. 1881-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும், அப்பழியை யூதர் தலைமேல் சுமத்தி, அவர்தம் வீடுகளையும் கடைகளையும் கும்பல்கள் சூறையாடின. அன்று முதல் 1914 வரை இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் கீழை ஐரோப்பாவை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். சிறு தொகையினரே பாலஸ்தீனம் வந்தனர். நாகரிகத்தின் உறைவிடம் எனப்பட்ட பிரான்சிலும் 1894-இல் திரேபஸ் என்னும் யூத இராணுவ அதிகாரி பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார். எத்துணைப் படித்தாலும், எத்துணை விசுவாசம் காட்டினாலும் ஐரோப்பாவில் யூதனுக்கு இடமில்லை என்னும் எண்ணம் வலுத்தது. பத்திரிகை ஆசிரியரான தியோடர் ஹெர்சல் 1896-இல் யூதருக்குத் தனி அரசு வேண்டுமென்று நூல் எழுதினார். 1897-இல் பாசெல் நகரில் முதல் சீயோன் மாநாடு கூடிற்று. அவர்கள் துன்பம் மெய்யானது. பாதுகாப்பான ஓரிடம் வேண்டும் என்ற அவர்கள் வேட்கையும் நியாயமானது. ஆனால் அவர்கள் நாடிய நாடு வெறும் நிலமன்று.

இதை அன்றே எடுத்துக் கூறியவர் இருந்தனர். அஹத் ஹாஅம் என்னும் யூத அறிஞர் 1891-இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அது பாழ்நிலமன்று என்றும், அங்குள்ள மக்களை இழிவாக நடத்துதல் ஆகாது என்றும் தம்மவரை எச்சரித்தார். 1899-இல் எருசலேமின் முன்னாள் நகரத் தலைவர் யூசுப் தியா அல்-காலிதி பிரான்சு தேசத்து யூத குருவின் வாயிலாக ஹெர்சலுக்குக் கடிதம் விடுத்தார். யூதரின் வேட்கையை மதித்தே எழுதினார். ஆயினும் அங்கே வேறு மக்கள் வாழ்வதைச் சுட்டி, பாலஸ்தீனத்தை விட்டுவிடுமாறு வேண்டினார். ஹெர்சல் அளித்த விடையோ, யூதர் வருகையால் அராபியருக்குச் செல்வமே பெருகும் என்பதாகும். அம்மக்கள் விரும்புவது செல்வமா, தம் நாட்டில் தாமே நாட்டினராய் வாழும் உரிமையா என்பதை யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இவ்விரு வேர்களும் பின்னிப் பிணைந்த இடம் நில விற்பனையாகும். 1901-இல் நிறுவப்பட்ட யூத தேசிய நிதி, வாங்கிய நிலத்தை மீண்டும் விற்பதில்லை என்னும் கொள்கை உடையது. அந்நிலத்தில் யூதத் தொழிலாளரே பாடுபடுதல் வேண்டும் என்ற விதியும் வலுப்பெற்றது. பிறர் உழைப்பை உறிஞ்சி வாழலாகாது, நாமே மண்ணைக் கொத்த வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அவ்விளைஞரிடம் இருந்தது மெய்யே. ஆனால் அதன் மறுபக்கம் யாது? முன்பெல்லாம் நிலம் எத்தனை கை மாறினாலும் உழுகுடி அங்கேயே இருந்தான். வாரம் பெறுபவன் மட்டுமே மாறினான். இப்போது நிலம் விற்றால் குடியும் போதல் வேண்டும். சுர்சுக் குடும்பத்தார் பெய்ரூட்டில் இருந்தபடியே விலை பேசினர். 1920-க்குப் பின் எஸ்ரேல் பள்ளத்தாக்கின் பெரும் பகுதியை விற்றுத் தீர்த்தனர். குடிகள் சிலருக்கு இழப்பீடு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை.

இதன் பொருளை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலாயாவில் 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையும் லயத்து வீடும் ஒருங்கே இழந்து இறங்கிய நம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. சட்டப்படி நடந்த விற்பனைதான்; பத்திரத்தில் பிழையில்லைதான். ஆயினும், மரம் நட்டவன் தெருவில் நின்றான்.

1910-இல் அல்-பூலா என்னும் கிராமம் விற்கப்பட்டபோது நாசரேத் வட்ட அதிகாரி சுக்ரி அல்-அசலி அவ்விற்பனையை எதிர்த்து நின்றார். ஹைபாவில் 1908-இல் தோன்றிய "அல்-கர்மில்" பத்திரிகையும், யாபாவில் 1911-இல் தோன்றிய "பலஸ்தீன்" பத்திரிகையும் இக்குடியேற்றத்தைக் கண்டித்து எழுதின. அவ்விரண்டையும் நடத்தியவர் கிறிஸ்தவ அராபியர் என்பதை நோக்குக. இது முஸ்லிம் மதத்துக்கும் யூத மதத்துக்கும் மூண்ட போராயின், கிறிஸ்தவருக்கு அங்கே என்ன வேலை?

மூன்றாம் வேர், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் வாக்குறுதி. 1914-இல் மூண்ட மகாயுத்தத்தில் துருக்கியை வீழ்த்த விரும்பிய பிரிட்டன், 1915-16-இல் மக்காவின் ஷரீப் ஹுசேனுக்கு எழுதிய கடிதங்களில் அராபியரின் விடுதலைக்குத் துணை நிற்பதாக உறுதி கூறியது. பாலஸ்தீனம் அதில் அடங்காது என்று பிரிட்டனும், அடங்கும் என்று அராபியரும் பின்னர் வழக்காடினர். 1916-இல் அதே பிரிட்டன் பிரான்சுடன் இரகசியமாகக் கூடி அந்நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டது. 1917 நவம்பர் 2-இல் வெளிநாட்டு மந்திரி பால்பர், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவளிப்பதாகக் கடிதம் வெளியிட்டார். அந்நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பங்கினரான அராபியரின் பெயரே அக்கடிதத்தில் இல்லை. "யூதரல்லாத சமூகங்கள்" என்றே குறிக்கப்பட்டனர். அவர்களுடைய குடியுரிமையும் மதவுரிமையும் காக்கப்படும் என்றது கடிதம். அரசியல் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. இதே பால்பர் பிரதம மந்திரியாக இருந்த 1905-இல்தான், ருஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர் இங்கிலாந்தில் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. தம் வீட்டுக் கதவை அடைத்தவர் பிறர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். மற்றொன்று: அன்று மந்திரி சபையில் இருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு இக்கடிதத்தை வன்மையாக எதிர்த்தார். இந்திய அரசியல் சீர்திருத்தத்தில் நாம் அறிந்த அதே மாண்டேகுதான். யூதருக்கு வேறொரு தேசம் உண்டென்று சொன்னால், அவரவர் பிறந்த நாட்டில் அவர்களை அந்நியராக்கியது போலாகும் என்பது அவர் வாதம்.

1922-இல் சர்வதேச சங்கம் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனின் பொறுப்பாட்சியில் ஒப்படைத்தது. அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி மொத்த மக்கள் ஏறத்தாழ 7,57,000. யூதர் ஏறத்தாழ 84,000. 1924-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தால் தன் வாயிலை ஏறக்குறைய மூடியது. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அமெரிக்கா செல்ல இயலாதவர் பாலஸ்தீனம் நோக்கி வந்தனர். 1935 என்னும் ஒரே ஆண்டில் 60,000-க்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர். வந்தவர் கண்ணில் அவர்கள் உயிர் தப்பிய அகதிகள். இருந்தவர் கண்ணிலோ தம்மைச் சிறுபான்மையராக்க வந்த படை. இரு பார்வைக்கும் காரணம் இருந்தது.

1929-இல் குருதி பெருக்கெடுத்தது. அவ்வாண்டுக் கலகத்தில் யூதர் 133 பேரும் அராபியர் 116 பேரும் மாண்டனர். ஹெப்ரானில் மட்டும் 67 யூதர் கொலையுண்டனர். பல தலைமுறையாக அவ்வூரில் வாழ்ந்தவரும் அவருள் அடங்குவர். அக்கொடுமைக்கு எந்நியாயமும் இல்லை. அதே ஊரில் தம் வீட்டில் யூதரை ஒளித்து உயிர்காத்த அராபியரும் இருந்தனர். மறு ஆண்டு விசாரணைக்கு வந்த ஹோப் சிம்சன், இந்திய சிவில் சர்வீசில் பணியாற்றியவர். நிலமிழந்த குடியானவரின் நிலையையும், யூத நிலங்களில் அராபியருக்கு வேலை மறுக்கும் விதியையும் அவர் தம் அறிக்கையில் எடுத்துக் காட்டினார். லண்டன் முதலில் தலையசைத்தது. பின்னர் நெருக்குதலுக்கு இணங்கிப் பின்வாங்கியது. 1936-இல் அராபியர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். அது 1939 வரை நீண்ட கிளர்ச்சியாயிற்று. பிரிட்டிஷ் பட்டாளம் அதைக் கடுமையாக அடக்கியது. 1937-இல் பீல் கமிஷன் நாட்டைப் பிரிக்கச் சொல்லியது. 1939-இல் பிரிட்டன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஐந்தாண்டில் 75,000 யூதருக்கு மேல் வரலாகாது என்றது. எக்கணத்தில் யூதருக்குப் புகலிடம் உயிராக இருந்ததோ அக்கணத்தில் அக்கதவும் சாத்தப்பட்டது. 1938-இல் எவியான் நகரில் கூடிய 32 நாடுகளில் பெரும் நாடுகள் எல்லாம் அனுதாபம் கூறிக் கைவிரித்திருந்தன. ஹிட்லரின் கொலைக்களங்களில் அறுபது லட்சம் யூதர் மாண்டனர்.

1947-இல் பிரிட்டன் சிக்கலை ஐக்கிய நாட்டுச் சபையின் மடியில் போட்டது. சபையின் விசாரணைக் குழுவில் இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவை இரு இனமும் கூடிவாழும் கூட்டாட்சியை முன்மொழிந்தன, அது ஏற்கப்படவில்லை. நவம்பர் 29-இல் 33 வாக்குக்கு 13 வாக்காகப் பிரிவினை நிறைவேறியது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினராய், நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்குக்கு உரிமையாளராய் இருந்த யூதருக்கு நாட்டில் பாதிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அராபியர் மறுத்தனர், போர் மூண்டது. 1948 ஏப்ரலில் தெயிர் யாசின் கிராமத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அராபியர் கொல்லப்பட்டனர். சில நாளில் எருசலேம் மருத்துவமனைக்குச் சென்ற யூத மருத்துவரும் தாதியரும் உட்பட எழுபதுக்கு மேற்பட்டோர் வழிமறித்துக் கொல்லப்பட்டனர். மே 14-இல் இஸ்ரேல் அரசு அறிவிக்கப்பட்டது. அண்டை அராபிய நாடுகளின் படைகள் புகுந்தன. 1949-இல் போர் ஓய்ந்தபோது ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர் அகதிகளாயிருந்தனர். நானூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன. பின்னர் ஈராக், ஏமன் முதலிய நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர் தம் பழைய வீடுகளை விட்டு இஸ்ரேல் சேர்ந்தனர்.

பாலஸ்தீனத்தை ஆண்ட கை நமக்கும் புதிதன்று. அங்கே 1938 முதல் 1944 வரை ஹை கமிஷனராயிருந்த மக்மைக்கேல்தான், 1945-இல் மலாயன் யூனியனுக்காகச் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்க வந்தார். அங்கே தலைமைச் செயலாளராயிருந்த கர்னி 1948-இல் இங்கே ஹை கமிஷனரானார். அங்கே போலீஸ் தலைவராயிருந்த கிரே இங்கும் போலீஸ் தலைவரானார். அவருடன் பாலஸ்தீனப் போலீசார் நூற்றுக்கணக்கில் வந்தனர். ஆள்வோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டனர். அவர்கள் மூட்டிய நெருப்பில் வேக அந்நாட்டு மக்களே எஞ்சினர்.

1967-இல் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காசாவையும் கைப்பற்றியது. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதன் பின் காசாவில் பல்லாயிரம் உயிர் மாண்டதும் நாம் கண்டவை. ஒவ்வொரு முறையும் இருதரப்பாரும் தத்தம் வேதத்தை உயர்த்திப் பிடிக்கின்றனர். ஆனால் வேதம் இப்பூசலின் வேரன்று. பின்னர் போர்த்திய போர்வையே. உழுதவனை மறந்த பட்டா, யூதனைத் துரத்திய ஐரோப்பா, பிறர் நாட்டை வாக்களித்த பேரரசு ஆகிய இம்மூன்றே வேர்கள். மூன்றும் மனிதர் செய்தவை. நாளும் ஆண்டும் குறிக்கத்தக்கவை. ஐரோப்பா செய்த பாவத்துக்கு அதைச் செய்யாத பாலஸ்தீனக் குடியானவன் விலை கொடுத்தான் என்பதையும், வந்திறங்கிய யூதனுக்குப் போக வேறிடமில்லை என்பதையும் ஒருங்கே நினைவில் வைப்பவனே இதைப் பற்றிப் பேசத் தகுதியுடையான். விதி செய்த பகைக்கு மருந்தில்லை. மனிதர் செய்த பகையை மனிதரே மாற்றலாம், மாற்றுதலும் வேண்டும்.