மரவரிசை ஊடுபயிர்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம்

தேக்கு, மலைவேம்பு, குமிழ் போன்ற தடிமரங்களை வரிசையாக நட்டு, வரிசைகளுக்கு நடுவே உளுந்து, நிலக்கடலை, மக்காச்சோளம் முதலிய வயல் பயிர்களை விளைவிப்பது மரவரிசை ஊடுபயிர் முறை. இது வேளாண் காடு வளர்ப்பில் ஒரு வகை.

நிலம்

விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. மலையோரத்தில் செவல் மண். கிழக்கே போகப் போகக் கரிசல். தேக்குக்கு வடிகால் உள்ள செவலே ஏற்றது. நீர் தேங்கும் கரிசலில் அது தேறாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. தென்னை, மாந்தோப்புகளில் ஊடுபயிர் போட்டுப் பழகிய இவ்வூர் விவசாயிக்கு இம்முறை புதிதல்ல.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுவில், வனத்துறை அதிகாரி டீட்ரிக் பிராண்டிஸ் காலத்தில், பர்மாவின் கரேன் மக்கள் மலைப்புனத்தில் நெல்லோடு தேக்கும் வளர்த்தனர். 'டாங்யா' எனப்பட்ட இம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. 2014இல் வேளாண் காடு வளர்ப்புக்கெனத் தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. தமிழ்நாட்டில் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் 2021-22இல் தொடங்கியது. அதன்கீழ் உழவர்களுக்கு மரக்கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டன.

இடைவெளி

3 மீட்டருக்கு 3 மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 450 மரங்கள். 5க்கு 5 என்றால் சுமார் 160. நெருக்கி நட்டால் கிளைகள் சீக்கிரமே கூடி நிழல் மூடிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வெயில் தேடும் பயிர்களின் விளைச்சல் குன்றும். அதன்பின் நிழல் தாங்கும் மஞ்சளோ தீவனப்புல்லோதான் வழி. வரிசை கிழக்கு மேற்காக ஓடினால் நடுப்பாத்திக்கு வெயில் கூடுதலாகக் கிடைக்கும். கன்றைச் சுற்றிச் சிறிது இடம் விட்டே விதைக்க வேண்டும்.

பயன்

பயிருக்குப் பாய்ச்சும் நீரும், களையெடுப்பும் மரத்துக்கும் உதவும். உளுந்து, தட்டைப்பயறு வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். வளர்ந்த தேக்கின் அடியில் மழை நேரத்தில் நின்றால் இன்னொன்று விளங்கும்: முறம் போன்ற இலைகளில் திரண்ட நீர் பெருந்துளிகளாக விழுந்து, வெறுந்தரையைக் குத்திச் சேறாக்கும். தரையைப் போர்த்திய பயிர் அந்த அடியைத் தாங்கி மண்ணைக் காக்கும்.

மலைவேம்பு ஒட்டுப்பலகைக்கு வெட்டத் தகுதியாக ஆறேழு ஆண்டுகள் ஆகும். தேக்குக்கு இருபது ஆண்டுக்கு மேல். அதுவரை வீட்டுச் செலவைத் தாங்குவது ஊடுபயிரின் வருமானமே.

கவனிக்க வேண்டியவை

இங்குள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கும். காட்டோரப் புலங்களில் நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் காட்டுப்பன்றி வரும். நட்ட மரங்களை அடங்கலில் பதிவது பின்னால் வெட்டும்போது துணை நிற்கும். சந்தனம் நட்டால் 2008ஆம் ஆண்டுப் பட்டா நிலச் சந்தன விதிகள் பொருந்தும்.

மரத்தின் இனமும் பயிரின் இரகமும் பிறகு பேச வேண்டியவை. நடும் அன்று பிடிக்கும் அளவுக்கயிறே அந்த நிலம் எத்தனை ஆண்டு பயிர் கொடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.