மூன்றாம் விதி

எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற பெயர் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடப் பொது அறிவுக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. இந்திய நூலகவியலின் தந்தை யார்? ஒரு மார்க். அதற்குப் பிறகு எங்காவது ஒரு நூலகச் சுவரில் அவருடைய ஐந்து விதிகளும் வரிசையாக எழுதியிருப்பதைப் பார்ப்போம். செருப்பை வெளியே விடவும், அமைதி காக்கவும் என்ற பலகைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவையும் அதே ரகம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

எனக்கு அந்த ஐந்தில் மூன்றாவது மேல் ஒரு மோகம் உண்டு. இரண்டாவது விதி வாசகரின் பக்கம் நின்று பேசுகிறது: தேடி வருகிறவருக்கு அவருடைய புத்தகம் கிடைத்தாக வேண்டும். மூன்றாவது விதி அதை அப்படியே திருப்பிப் போட்டு, புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறது: அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகமும் தனக்கான ஆளைச் சந்திக்காமலே கிடந்துவிடக் கூடாது. என் தொழில் பாஷையில் முன்னது ‘புல்’, பின்னது ‘புஷ்’. நீங்கள் தேடல் பெட்டியில் எதையோ தட்டித் தேடுவது முதல் வகை. நீங்கள் கேட்காமலேயே ஒன்று உங்கள் முன்னால் வந்து நிற்பது இரண்டாவது வகை. இதை இன்று பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான சர்வர்களை வைத்துச் செய்கின்றன. ரங்கநாதன் காலத்தில் கையில் இருந்தது மேஜை, நாற்காலி, பட்டியல் அட்டை, கொஞ்சம் மனிதர்கள். அவ்வளவுதான்.

புத்தகத்துக்கு வாய் கிடையாது, கால் கிடையாது. அது தானாக எழுந்து போய் யாரையும் கூப்பிடாது. அதன் சார்பில் நூலகம்தான் பேச வேண்டும், நடக்க வேண்டும். எப்படி? 1931ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகள் நூலில் மூன்றாம் விதிக்கான பகுதியைப் பாருங்கள். வாசகர் நேரடியாகக் கைவைத்து எடுக்கக்கூடிய திறந்த அலமாரி, நூல்களை அடுக்கும் முறை, பட்டியல் அட்டை என்று தொடங்குவார். இதெல்லாம் நூலகர் வேலை, சரி. அப்படியே போய் விளம்பரம் என்பார். பிறகு பொது உரை, வாசிப்பு வட்டம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக்காட்டுவது, குழந்தைகளுக்குக் கதை நேரம், கண்காட்சி, ஊர்த் திருவிழா!

எல்லாம் ஒரே அத்தியாயத்தில். இதில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குக் கூட்டம், விழா என்பதெல்லாம் நூலகத்தின் உண்மையான வேலைக்கு வெளியே இருப்பவை. நேரமும் நிதியும் மிஞ்சினால் செய்வது. அவருக்கு ஒரு சொற்பொழிவும் ஒரு பட்டியல் அட்டையும் ஒரே சாதி. இரண்டும் ஒரு மனிதனை ஒரு புத்தகத்திடம் கொண்டுபோய் நிறுத்தும் கருவிகள்.

இந்தப் பார்வை அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. சீர்காழியில் 1892ல் பிறந்தவர், கணக்கு வாத்தியார். சென்னைப் பல்கலைக்கழக நூலகம் 1907லேயே தொடங்கியிருந்தாலும் அதற்கென்று தனி நூலகர் ஒருவர் வந்தது 1924 ஜனவரியில்தான். மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ரங்கநாதன் அந்த வேலைக்கு வந்தார். சம்பளம் கூடுதல். நேர்முகத்துக்கு முன்னால் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. (முந்தின ராத்திரி டுடோரியல் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகும் நம் மரபு பழமையானதுதான்.) வேலையில் சேர்ந்த ஒரு வாரத்திலேயே போரடித்துவிட்டது. யாரும் வராத இடத்தில் எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்து வாருங்கள், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பாடம் நடத்தவே போகலாம் என்று ஓர் ஒப்பந்தம் ஆனது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் டபிள்யூ.சி. பெர்விக் சேயர்ஸ். இவர் வெறும் பேராசிரியர் அல்ல, குரோய்டன் நகரத்துப் பொது நூலகத்தின் தலைமை நூலகரும்கூட. குழந்தைகள் நூலகம் பற்றி 1911லேயே புத்தகம் எழுதியவர். குரோய்டனில் பொது உரைகள் நடக்கும், குழந்தைகளுக்குக் கதை நேரம் உண்டு. ரங்கநாதன் அங்கே வேலை பழகினார், இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் வெகு இயல்பாக உள்ளே வந்து போவதைக் கண்டார். அவர் படித்துவரப் போனது ஒரு பல்கலைக்கழக நூலகத்தை நடத்துவதற்கு. மனதில் பதித்துக்கொண்டு வந்தது பொது நூலகத்தை. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் குழப்பத்தில் இருக்கிறது. நல்ல குழப்பம்.

1925 ஜூலையில் திரும்பிவந்த பிறகு கல்லூரிப் பேச்சே எழவில்லை. தினம் பதின்மூன்று மணி நேரம், வாரம் ஏழு நாள், இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் வேலை பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1929ல் சாரதாவை மணந்துகொண்ட அன்றைக்குக்கூடப் பிற்பகல் நூலகத்துக்கு வந்துவிட்டாராம். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தோன்றும்.

அவர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. 1928ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது; ரங்கநாதன் அதன் செயலாளர். ஐந்து விதிகளை அவர் முதன்முதலில் பேசியதும் அதே ஆண்டு டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில். கேட்டவர்கள் ஆசிரியர்கள். 1929ல் சங்கம் ஒரு கோடைகாலப் பள்ளி நடத்தி நூலகப் பயிற்சி கொடுத்தது. 1931ல் அதைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. வரிசையைக் கவனியுங்கள். நூலகத்துக்கு வெளியே ஒரு சங்கம், சங்கம் நடத்திய கோடை வகுப்பு, கடைசியில் அது ஒரு பல்கலைக்கழகப் படிப்பு. இந்தியாவில் நூலகவியல் கல்வியின் தொடக்கங்களில் ஒன்று இப்படி ஒரு சமூக நிகழ்ச்சியிலிருந்து வந்திருக்கிறது. ஐந்து விதிகள் நூலைப் பதிப்பித்ததும் பல்கலைக்கழகம் இல்லை, அந்தச் சங்கம்தான்.

பிறகு மாட்டுவண்டி. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு நடமாடும் நூலகம் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வண்டியை வடிவமைத்தார், தொடக்கிவைக்க ரங்கநாதன் வந்தார். பூட்டியது மாடு, ஏற்றியது புத்தகம், போனது கிராமம். மூன்றாம் விதியை இதைவிட நேரடியாக ஒருவர் அர்த்தப்படுத்திக்கொள்ள முடியாது. புத்தகத்துக்குக் கால் இல்லையா, நான்கு கால் தருகிறேன் என்று ஒரு எஞ்சினியர் கிளம்பியிருக்கிறார். எங்கள் தொழிலுக்கு எத்தனையோ அவப்பெயர் உண்டு; அதற்கெல்லாம் பதிலாக நான் கனகசபைப் பிள்ளையைத்தான் காட்டுவேன்.

ஆனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1931 சென்சஸ் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பத்தில் ஒருவர் யார், எந்தத் தெருவில் இருந்தார் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வண்டி எந்தத் தெரு வரைக்கும் போயிருக்கும்? பல்கலைக்கழக நூலகத்தின் வாசலைத் தாண்ட முதலில் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்ட வேண்டுமே? ரங்கநாதனைக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்தக் கேள்விகள் அதிகம் வருவதில்லை.

எழுத்தறியாதவருக்கு வாசித்துக்காட்டுங்கள் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். சுயமரியாதை இயக்கத்துப் படிப்பகங்கள். தொழிற்சங்கத்து வாசகசாலைகள். டீக்கடை பெஞ்சு, முடிதிருத்தகம். ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்க, நடுவில் ஒருவர் மறித்துக் கேள்வி கேட்க, அங்கேயே ஒரு கூட்டம். இவர்களில் யாரும் ஐந்து விதிகளைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே சமயத்தில் ஒரே தேவையை இரண்டு தரப்பும் கண்டுகொண்டன என்றுதான் சொல்வேன். ஒருவரையொருவர் கண்டுகொண்டார்களா என்பது வேறு. அவர்கள் கண்டுகொண்டிருந்தால் நம் பல்கலைக்கழக நூலகங்கள் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்றைக்கு எப்படி இருக்கின்றன? நான் பொறியியல் படித்த கல்லூரியில் வருஷா வருஷம் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுவார்கள். வாசலில் வாழைமரம், ஃப்ளெக்ஸ், குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு. அவர் புத்தகமே சிறந்த நண்பன் என்று முக்கால் மணி நேரம் பேசுவார். மூன்றாம் வருஷம் படிக்கும்போது அந்த வாரத்தில் ஒருநாள் நூலகத்துக்குப் போனேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: நூலக வார விழாவை முன்னிட்டு இன்று நூலகம் இயங்காது. ஊழியர்கள் அத்தனை பேரும் ஆடிட்டோரியத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்காட்சி என்று புது வரவுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “விழா முடியட்டும் தம்பி, அப்புறம் அக்செஷன் போட்டுதான் தருவோம்” என்று பதில் வந்தது. விழா முடிந்தது, செமஸ்டரும் முடிந்தது.

அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னபடிதான் செய்தார். நிகழ்ச்சி என்பது நூலகத்தின் வேலையிலிருந்து கழன்றுபோனால் இப்படித்தான் ஆகும். விழா நூலகத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த உரையைக் கேட்டு ஒரு மாணவனாவது ஏதாவது ஒரு புத்தகம் வேண்டுமென்று எழுந்து போயிருந்தால், அவன் போய் நின்றிருப்பது பூட்டிய கதவின் முன்னால்.

கட்டிடங்களைக் குறை சொல்ல முடியாது. 1936ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையில் தன் சொந்தக் கட்டிடத்துக்கு வந்தது. மெரினாவில் நடக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கும் அந்தச் செங்கல் கட்டிடமும் மணிக்கூண்டும்தான். இந்த நகரத்தின் சுண்டல்காரர், மீனவர், காதலர் அத்தனை பேரும் அந்தக் கடிகாரத்தில் மணி பார்த்திருப்பார்கள். அதற்குக் கீழே இருப்பது நூலகம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ரங்கநாதன் பல்கலைக்கழகத்தோடு பிணங்கி வெளியேறி 1945ல் காசிக்குப் போய்விட்டார். அவர் வாதாடிய நூலகச் சட்டம் அவர் ஊரில் இல்லாதபோது, 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருக்கையில் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது, கிளை நூலகங்கள் வந்தன. நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு வேலைப் பிரிவினையும் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஊர் மக்களுக்குக் கிளை நூலகம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகம் பல்கலைக்கழகத்துக்கு என்று கோடு விழுந்துவிட்டது. 1928ல் அந்தக் கோடு இல்லை. அதைப் போட யாருக்கும் அன்றைக்கு வசதி இல்லை. பிணங்கிப் போனவர் 1950களில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து சாரதா பெயரில் நூலகவியல் ஆய்விருக்கை அமைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் விதி உயிரோடு இருப்பதை நான் கண்ணால் பார்த்தது சென்னையில்தான், ஆனால் வேறொரு வழியில். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் இறந்த பிறகு 1994ல் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடவில்லை. இங்கேயே வைத்து ஒரு ஆராய்ச்சி நூலகம் அமைக்க உதவியது. முதலில் முகப்பேர், பிறகு தரமணி. ஒரு பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்குள் மக்களைக் கூப்பிடுவதற்குப் பதில் நூலகத்தை மக்களிடம் விட்டுவிட்டுப் போனது என்று இதைச் சொல்லலாம்.

அங்கே மாதாந்திரச் சொற்பொழிவுகள் நடக்கும், கண்காட்சிகள் நடக்கும். ஓஎம்ஆரில் வேலை பார்ப்பதால் எனக்குப் பக்கம். ஒருமுறை பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் பற்றிப் பேச்சு. காலணாவுக்குத் தெருவில் விற்ற எட்டுப் பக்கப் பிரதிகள். கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று அன்றன்றைய சமாச்சாரத்தைப் பாட்டாகக் கட்டியவை. பேசி முடித்ததும் டீ கொடுத்தார்கள். என் பக்கத்தில் ஐடி கம்பெனி டேக்கைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், டீயைக் குடிக்காமல் நேராகப் போய், திரையில் கடைசியாகக் காட்டிய அந்த ரயில் பாட்டு இங்கேதான் இருக்கிறதா, நான் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றார்கள். ஒரு துண்டுத்தாளில் எண்ணை எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.